தண்ணீரை மறிக்கும் காற்று

ஆவணி, புரட்டாதியில் மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். வடகீழ்ப் பருவமழை பெய்து மணலுக்குள் ஊறும்வரை அப்படித்தான். அந்த நாட்களில் மோட்டரைப் போட்டால் உறுமல் மட்டும் கேட்கும்; பைப்பில் சொட்டுத் தண்ணீர் வராது. "மோட்டர் எயார் எடுத்திட்டு, தண்ணி ஊத்து மனே" என்பார்கள். கரண்டை நிறுத்தி, பம்பின் மூடியைக் கழற்றி, வாய் நிரம்பத் தண்ணீர் ஊற்றி இறுக்கினால் மறுபடி இறைக்கத் தொடங்கும். மோட்டரும் மாறவில்லை, கிணறும் மாறவில்லை. உள்ளே கொஞ்சம் காற்று இருந்ததற்காக இவ்வளவு பெரிய இயந்திரம் ஏன் தோற்றுப்போகிறது?

பம்புக்குள் சுழல்வது ஒரு தட்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று. நடுவில் வாங்கும் தண்ணீரை அது விளிம்புக்கு வீசி எறிகிறது. தட்டின் விட்டம் 13 சென்ரிமீற்றர் என்றால் விளிம்பு செக்கனுக்கு 19 மீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் மேல்நோக்கி எறிந்தால் ஒரு பொருள் ஏறக்குறைய 19 மீற்றர் உயரும். அது எவ்வளவு பாரம் என்பது கணக்கில் வராது, வேகம் மட்டுந்தான். ஆக, தட்டைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் 19 மீற்றர் உயரத் தண்ணீருக்கான அமுக்கம் கிடைக்கும். காற்று இருந்தால் 19 மீற்றர் உயரக் காற்றுக்கான அமுக்கந்தான் கிடைக்கும். காற்று தண்ணீரைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் இலேசு. 19 மீற்றர் காற்று, இரண்டரைச் சென்ரிமீற்றர் தண்ணீருக்கும் ஈடாகாது. கிணற்றுக்குள் போகும் பைப்பில் தண்ணீர் ஏறுவது அவ்வளவுதான். உறுமல் எல்லாம் வீண்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோமே, உண்மையில் அது தன் வாயில் அமுக்கத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலந்தான் தண்ணீரைப் பைப்பில் ஏற்றிவிடுகிறது. 1643இல் இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லியின் பரிசோதனையில், வளிமண்டலம் தாங்கிப்பிடித்த பாதரசம் 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. தண்ணீருக்கு அது 10.3 மீற்றர். நடைமுறையில் ஏழெட்டு மீற்றருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எழுவான்கரையின், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கத்தின், மணற்கிணறுகள் ஆழம் குறைந்தவை என்பதால்தான் மேலே வைத்த மோட்டரே நமக்குப் போதுமாக இருக்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மோட்டர் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்துப் பைப்பில் அமுக்கம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே கசியாது. காற்றுத்தான் உள்ளே போகும். பைப் காய்ந்து கிடக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மோட்டரைப் பழி சொல்வோம். காலையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் முதலில் புட்வால்வை, அதாவது பைப்பின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் வால்வைப் பாருங்கள். அதன் இருக்கையில் ஒரு மணற்கல் சிக்கினாலே இரவோடு இரவாகத் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிவிடும். தண்ணீரில்லாமல் மோட்டரை ஓடவிட்டுப் பார்க்கவும் கூடாது. சுழலும் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ என்ற பாகத்தைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான்.

மொட்டைமாடித் தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் நடப்பது வேறு மாதிரி. தாங்கி ஒருமுறை முழுதாக வற்றினால் பைப்புக்குள் காற்று புகும். மறுபடி நிரப்பும்போது, பைப் எங்கே ஏறி இறங்குகிறதோ அந்த மேட்டில் காற்று சிறைப்படும். தண்ணீர் ஒரு மீற்றர் இறங்கினால் ஒரு மீற்றருக்கான அமுக்கத்தைச் சம்பாதிக்கும். இறங்கும் துண்டில் காற்று இருந்தால் அந்தச் சம்பாத்தியம் இல்லை. மேல்மாடிக் குளியலறையின் ஷவருக்கும் தாங்கி நீர்மட்டத்துக்கும் முக்கால் மீற்றர்தான் இடைவெளி என்றால், அந்த அளவு உயரக் காற்று ஒன்றே ஷவரை நிறுத்தப் போதும். கீழ்வீட்டில் பைப் சீறும், மேலே ஒன்றும் வராது. இதற்காகத்தான் தாங்கியின் வெளிவாய்க்கருகே ஒரு ஒல்லியான பைப்பை நிமிர்த்தி விடுகிறார்கள். வாய் திறந்திருந்தும் அது வழியாதது, தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேல் நிற்பதால். செலவை மிச்சம்பிடிக்க அதை வெட்டிவிடும் மேசன்மார் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காற்றுக்கு மேலே வாசல் இல்லாவிட்டால் கீழே தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். நிமிர்ந்த ஓர் அங்குலப் பைப்பில் அகப்பட்ட நீண்ட குமிழி, அசையாத தண்ணீரில் செக்கனுக்கு 17 சென்ரிமீற்றர் அளவில் மேலே ஏறும். தண்ணீர் அதைவிட வேகமாக இறங்கினால் குமிழி இழுபட்டு வரும். மெதுவாக இறங்கினால் குமிழி அங்கேயே நிற்கும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லீற்றருக்கு மேல் ஓட வேண்டும். எல்லாப் பைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் இந்த வேகம் வராது. மற்றவற்றைப் பூட்டிவிட்டு, அந்தக் குழாய்வழியில் ஆகத் தாழ்ந்த ஒன்றை மட்டும் முழுதாகத் திறக்க வேண்டும். துப்பித் துப்பி வரும், பிறகு ஒரே சீராகும்.

சுவிஸில் இருக்கும் நம் ஆட்களின் வீடுகளில், வீட்டைச் சூடாக்க, தரைத் தளத்துக்கடியில் சுடுதண்ணீர்ப் பைப் பல சுற்றுகளாகச் சுருண்டு ஓடும். அங்கேயும் இதே கணக்குத்தான். பைப் படுத்துக் கிடப்பதால் காற்று மேலேறித் தப்ப வழியில்லை. எனவே மற்றச் சுற்றுகளின் வால்வுகளை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே சுற்றில் தண்ணீரை வேகமாக ஓட்டிக் காற்றை எடுக்கிறார்கள். குமிழி நிற்கும் வரை ஒன்று, பிறகு அடுத்தது.

ஆனால் அங்கே காற்று தண்ணீருக்குள்ளிருந்தும் வருகிறது. குளிர்ந்த ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் காற்று கரைந்திருக்கும். சூடேறச் சூடேற அது பிரிந்து குமிழியாகும். அதனால் புதிதாக நிரப்பிய அமைப்பில் சில நாட்களின் பின் திரும்பவும் காற்று எடுக்க வேண்டி வருவது வழமைதான். மாதக்கணக்காகியும் நிற்கவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அமுக்கம் குறையும்போதெல்லாம் விடும் புதுத் தண்ணீர் புது ஒட்சிசனையும் கொண்டுவரும். அந்த ஒட்சிசன் பம்பின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், துரு மண்டியாகி ஒடுங்கிய பைப்பில் தங்கும். காற்றெடுக்கும் திருகாணியைத் திரும்பத் திரும்பத் திறப்பதை விட்டுவிட்டு அந்தக் கசிவைத் தேடுவதுதான் அங்கே வேலை.