செம்பக்கமா, கர்ணமா?

மண்டபம், பாம்பன் பகுதித் தனிவகுப்புகளில் அண்மைக்காலமாகச் 'செம்பக்கம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் இச்சொல் காணொளிப் பாடங்கள் வழியே கடல் கடந்து வந்து, செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே அமைந்த பக்கத்துக்கு நம் பாடநூல் தரும் 'கர்ணம்' என்ற பெயரை மெல்ல ஒதுக்கிவருகிறது. நல்ல தமிழ் வந்துவிட்டது என்று மகிழ்வோருடன் என்னால் சேர முடியவில்லை.

கர்ணம் வடசொல், செவி என்பது அதன் முதற்பொருள், வடமொழிக் கணித நூல்களில் மூலைவிட்டத்தையும் இப்பக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் hypotenuse என்று வழங்கும் கிரேக்கப் பெயருக்கோ 'கீழே நீண்டு செல்வது' என்று பொருள். ஊர்க்கணக்கரையும் நாம் கர்ணம் என்றோம் என்பது வேறு கதை.

செம்பக்கத்தில் என்ன குறை? செங்குத்து, செங்கோணம் என்னும் சொற்களில் 'செம்மை' நேர்மையையும் நிமிர்வையும் சுட்டுகிறது. அந்தப் பழக்கத்தோடு படிக்கும் மாணவர், செங்கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்களுள் ஒன்றைத்தான் செம்பக்கம் என்று கருதுவார். உண்மையில் செங்கோணத்தைத் தொடாத ஒரே பக்கம் அதுதான். எடுத்துக்காட்டாக, கரையேற்றிய வல்லம் ஒன்றில் 6 மீட்டர் பாய்மரம் நிற்கிறது. அதன் அடியிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி, உச்சியிலிருந்து வரும் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கயிற்றின் நீளம் 6.5 மீட்டர். கயிறு கட்டிய இடத்துக் கோணத்துக்குச் சைன் (எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்த விகிதம்) 12/13, கொசைன் 5/13, டேன்ஜென்ட் 12/5. பெயரை நம்பி அடிப்பக்கத்தைச் செம்பக்கமாகக் கொண்டவருக்குச் சைன் மதிப்பு 2.4 என்று வரும்; ஒன்றைத் தாண்டவே முடியாத விகிதம் அது.

'செங்கோணத்துக்கு உரிய பக்கம்' என்று பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். அந்த உரிமை, கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்களுக்கு அல்லவா முதலில் சேரும்? விளக்கவுரை இல்லாமல் நிற்க முடியாத கலைச்சொல்லால் வகுப்பறைக்குப் பயனில்லை. இலங்கைத் தமிழரின் கலைச்சொற்கள் பல நம்மவற்றைவிடச் செறிவானவை; 'அடுத்துள்ள பக்கம்' என்று நாம் நீட்டுவதை 'அயற்பக்கம்' என்று அவர்கள் முடித்துவிடுகிறார்கள். ஆகவே என் குறை இந்த ஒரு சொல்லின்மேல்தான். அதைவிட, வடசொல் இல்லை என்பதையே தகுதிச் சான்றாகக் கொண்டு, பொருளை நிறுத்துப் பார்க்காமல் எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல். பழம்புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரால், இப்பக்கத்தின் நீளம் காண வழி சொல்வதாக இவர்களே பரப்பும் பாடலும் கர்ணம் என்றுதான் முடிகிறது. அதன் வழிமுறை 3, 4, 5 போன்ற சில அளவுகளுக்குப் பொருந்துமே தவிர, இரு பக்கங்களும் சமமானால் பிசகிவிடும்.

தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'நெடும்பக்கம்' எனலாம். விரிகோண முக்கோணத்திலும் நெடிய பக்கம் உண்டே என்பது நியாயமான தடைதான். ஆனால் இவ்விகிதங்களைக் கற்பிக்கும் பாடம் செங்கோண முக்கோணத்தைவிட்டு வெளியே போவதில்லை. சைனும் கொசைனும் ஏன் ஒன்றை மீறுவதில்லை என்பதையும் அப்பெயரே சொல்லிவிடுகிறது.