கடவுச்சொல்லில்லாப் புகுபதிகை

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியில் மூன்று பேருக்குக் கணக்கு உண்டு. அப்பாவுக்கு மா மண்டி வரவு செலவு, தங்கைக்குக் கல்லூரிப் பாடம், எனக்கு மிச்சமெல்லாம். அப்பாவின் பாஸ்வேர்டு, பெங்களூரா மாங்காய் எடை குறிக்கும் நோட்டின் பின்னட்டையில் பேனாவால் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் மண்டியிலிருந்து இரண்டு போன் வந்துவிடும். “இந்தச் சனியன எடுத்து விடுடா” என்றார். எடுத்துவிட்டேன். இப்படிப் பாஸ்வேர்டு கேட்காத லாகினுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது.

பாஸ்வேர்டு என்பது காவல்காரர்கள் வழக்கிலிருந்து வந்த சொல். அன்றைய சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் வாசலைக் கடக்க விடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் பேட்டையை 1791இல் பிடித்த ஆங்கிலப் படை, மேல்கோட்டைக்குள் போக முடியாமல் திரும்பியது. (சொல் தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) கணினிக்கு இந்தப் பழக்கம் வந்தது 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில் பலர் ஒரே கணினியைப் பங்குபோட்டபோது. எங்கள் வீட்டு நிலைமையேதான்.

பாஸ்வேர்டுக்குத் தமிழில் கடவுச்சொல். கடவு என்றால் வழி. ‘கட’ என்பதிலிருந்து வந்தது. கடவுச்சீட்டில் இருப்பதும் அதுவே. ‘ரகசியச் சொல்’ என்றால் கடப்பது என்ற பொருள் போய்விடும், ஆகவே கடவுச்சொல்லே சரி.

லாகின் கதை இன்னும் சுவையானது. லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகம் அறிய, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். ஓடிய முடிச்சுகளை எண்ணி ஒரு புத்தகத்தில் குறிப்பார்கள். கட்டையின் பெயர் புத்தகத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு எந்தப் பதிவேடும் லாக் ஆனது. ஆக, லாகின் என்பதில் நுழைவதோடு பேரேட்டில் பெயர் ஏறுவதும் இருக்கிறது. ‘உள்நுழைவு’ பாதியைத்தான் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் ‘புகுபதிகை’ இரண்டையும் சொல்கிறது. வாயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் என் ஓட்டு அதற்கே.

கடவுச்சொல்லில்லாப் புகுபதிகையைத் தானியங்குப் புகுபதிகையோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒருவருக்கு மட்டும்: கணினியைப் போட்டதும் அவர் கணக்கு திறந்துவிடும். பலர் இருந்தால், பெயர்ப்பட்டியல் வர வேண்டும். தன் பெயரைச் சொடுக்கியதும் கேள்வியில்லாமல் திறக்க வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில், சில முகப்புத் திரைகளுக்கு இதற்கென்றே ஒரு பயனர் குழு வைத்திருக்கிறார்கள். ‘நோ பாஸ்வேர்டு லாகின்’ என்பதைச் சுருக்கி ஒட்டியதுதான் குழுவின் பெயர். இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளலாம். அதில் யாரைச் சேர்த்தாலும், ஆள் யாரென்று சரிபார்க்கும் பாம் (PAM) என்னும் அமைப்பு அவரை அந்த முகப்புத் திரையில் கேட்காமல் விட்டுவிடும். கடவுச்சொல் அழிவதில்லை, நிர்வாகி உரிமையோடு வேலை செய்யவைக்கும் சூடோ கட்டளைக்கும், சேமித்த ரகசியங்கள் கிடக்கும் சாவிக்கொத்துக்கும் இன்னமும் வேண்டும்.

பதிகையும் அழிவதில்லை. கட்டளைத் திரையில் ‘லாஸ்ட்’ (last) என்று தட்டினால் யார் எப்போது புகுந்தார் என்று வரிசையாக வரும். போன வாரம் தங்கை பெயரில் காலை ஐந்தரை மணி! அவளாவது, அந்த நேரத்தில் எழுவதாவது. கண்ணாடி போடாமல் உட்கார்ந்த அப்பா, பட்டியலில் அவள் பெயரைச் சொடுக்கியிருக்கிறார். அன்றே தன்னைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டாள் தங்கை.