காலிப் பெட்டிக்கும் வாடகை

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்து வளர்ந்த திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கன்டெய்னர் என்றால் இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிதான். அது நிரம்பியிருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் கப்பலில் அடைக்கும் இடம் ஒன்றே. ஒரு நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி வைக்கும், அதே பெயர் கொண்ட மென்பொருள் கன்டெய்னருக்கும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இரும்புப் பெட்டிக்கு அளவு முன்பே வகுக்கப்பட்டிருக்க, மென்பொருள் பெட்டி எவ்வளவு பெரியது என்பதை நிரல் எழுதியவரே சொல்லிவிடுகிறார். பெரும்பாலான வீண்செலவு அவர் தாராளமாகச் சொல்லிவிடும் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

ஒரு சர்வரின் சிபியு, நினைவகம் ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கு பிரித்துத் தரும் சிகுரூப்ஸ் என்ற வசதி 2008ஆம் ஆண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சேர்ந்தது. அதன் மேல் அமைந்த கன்டெய்னர்களை 2013இல் வந்த டாக்கர் என்ற கருவி எல்லோரும் எளிதில் கையாளும்படி செய்தது. மறு ஆண்டு கூகுள் அறிவித்த குபெர்னெட்டிஸ், எந்தக் கன்டெய்னரை எந்தச் சர்வரில் ஏற்றுவது என்று முடிவு செய்யும் வேலையை எடுத்துக்கொண்டது. சர்வரில் இடம் போதுமா என்பதற்கு அது பார்ப்பது ‘ரிக்வெஸ்ட்’ எனப்படும் முன்பதிவு அளவை மட்டுமே. கன்டெய்னர் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

எங்கள் அலுவலகத்தில் லாரிகளின் வருகை நேரத்தைப் பதிவு செய்யும் செயலியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு பிரதிக்கும் 1000 மில்லிகோர், அதாவது ஒரு முழு சிபியு கோர், முன்பதிவு செய்திருந்தோம். ஏன் அந்த எண் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. உண்மைப் பயன்பாடோ 120 மில்லிகோரைச் சுற்றியே இருந்தது. நான்கு கோர் சர்வரில் இயங்குதளமும் குபெர்னெட்டிஸின் சொந்த வேலைகளும் சிறிது எடுத்துக்கொள்வதால், கன்டெய்னர்களுக்கு எஞ்சுவது நான்கு கோருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்று பிரதிகள்தான் ஏறும். நான்காவதற்கு இன்னொரு சர்வர் வேண்டும். பத்துப் பிரதிகளுக்கு நான்கு சர்வர்கள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன, எல்லாமே ஏறக்குறைய சும்மா.

அளவைக் குறைக்கும் முன் சில வாரப் பயன்பாட்டைச் சேகரிக்க வேண்டும்; மாதக் கடைசி நெரிசலும் அதில் அடங்கியிருக்க வேண்டும். சராசரியை நம்புவது ஆபத்து, ஏனெனில் இரவெல்லாம் உறங்கிக் காலை எட்டு மணிக்கு மூச்சுத் திணறும் செயலியும் சராசரியில் நல்ல பிள்ளையாகவே தெரியும். சிபியு போதாவிட்டால் செயலி மெதுவாகும், அவ்வளவே. எனவே நூற்றில் தொண்ணூற்றைந்து நேரம் போதுமான அளவை எடுத்துச் சற்றுக் கூட்டி வைத்தால் போதும். நினைவகம் வரம்பை மீறினாலோ கெர்னல் அந்த நிரலையே கொன்றுவிடும். அதனால் நினைவகத்துக்கு உச்ச அளவையே பார்க்க வேண்டும். ஜாவா மொழியில் எழுதிய செயலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வழக்கமாதலால், வெளியிலிருந்து அளக்கும் எண்ணை அவற்றின் உண்மைத் தேவை என்று கொள்ள முடியாது.

எந்தக் கன்டெய்னருக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடும் ஓபன்காஸ்ட் போன்ற கருவிகள், முன்பதிவு, பயன்பாடு இரண்டில் எது பெரிதோ அதை விலையால் பெருக்கி அந்தக் கன்டெய்னரின் தலையில் எழுதுகின்றன. யார் கணக்கிலும் சேராத மிச்சத்தைச் சர்வரின் வெற்றிடமாகக் காட்டுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாதது நிரல் எழுதியவர் திருத்த வேண்டியது. யாருமே முன்பதிவு செய்யாத வெற்றிடம் சர்வர்களை நிர்வகிப்பவர் திருத்த வேண்டியது. முந்தையதைக் குறைத்தால் பிந்தையது கூடுமே தவிர, ஒரு சர்வராவது அணைக்கப்படும்வரை பில்லில் ஒரு ரூபாயும் குறையாது.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். ரிக்வெஸ்டை 300 மில்லிகோராக்கினோம். பத்துப் பிரதிகளும் ஒரே சர்வரில் அடங்கும் அளவு அது. ஒன்று பழுதானாலும் செயலி நிற்காதிருக்க இரண்டு போதும் என்று கணக்கிட்டோம். அடுத்த மாதமும் பில் அப்படியே வந்தது. பிரதிகள் நான்கு சர்வர்களிலும் பரவலாக அமர்ந்திருந்தன. ஆள் குறைந்த சர்வரைக் காலி செய்து அணைக்க வேண்டிய ஆட்டோஸ்கேலரோ கைகட்டி நின்றது. தேடியபோது, ரசீதுகளை பிடிஎஃப் ஆக்கும் சின்னஞ்சிறு கன்டெய்னர் ஒன்று ஒவ்வொரு சர்வரிலும் தற்காலிகக் கோப்புகளை உள்வட்டில் எழுதிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அப்படி எழுதும் கன்டெய்னர் இருக்கும் சர்வரை, வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, ஆட்டோஸ்கேலர் தொடுவதில்லை. அந்தக் கோப்புகள் அழிந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியவை என்பதால், ‘வெளியேற்றலாம்’ என்று ஒரு வரிக் குறிப்பை அதில் சேர்த்தோம். அன்று மாலையே இரண்டு சர்வர்கள் அணைந்தன.