நிறுவல், உள்ளமைவு: சொல் விளக்கம்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கணினி வேலை செய்வோர், ஒரு நிறுவனத்துக்கான இணையவழிப் பிரயோக மென்பொருளைச் சேர்வரில் (பிற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினியில்) ஏற்றுவது முதல் அது ஒழுங்காக ஓடுவது வரையான முழு வேலையையும் 'இன்ஸ்டோல் பண்ணுறது' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். எழுத்தில் அது 'நிறுவுதல்' ஆகிறது. சொல் பிழையில்லை, ஏற்றிவைக்கும் 'இன்ஸ்டோல்', தேவைக்கேற்ப அமைக்கும் 'கொன்பிகர்' என்ற இரண்டு வேலையை ஒன்றின் தலையில் கட்டிவிடுவதுதான் பிழை.

'இன்ஸ்டோல்' இடைக்கால இலத்தீனின் 'இன்ஸ்டலாரே' என்பதிலிருந்து வந்தது. 'ஸ்டல்லும்' என்றால் இருக்கை. தேவாலயத்தில் ஒருவரை அவருடைய பதவிக்குரிய இருக்கையில் முறைப்படி அமர்த்துவதே அதன் முதற்பொருள்; இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் அது பின்னரே வந்தது. தமிழில் 'நில்' என்பதன் வழியில் 'நிறு', 'நிறுவு' என வளர்ந்த சொல்லுக்கு நிலைபெறச் செய்தல் என்று பொருள். கோயிலில் பிரதிஷ்டை என்பதும் இதுவே. (ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கு, பெயரின்படி, அந்த வேலையை எவரும் செய்யவில்லை.) உயர்தர மாணவர் கணித வினாத்தாளில் காணும் 'நிறுவுக' என்பதும், 'நிறுவனம்' என்பதும் இதே வேரினவே. ஆகவே இதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

'கொன்பிகர்' அப்படியல்ல. இலத்தீனில் 'கொன்' சேர்ந்து என்பதையும், 'பிகுரா' உருவம் என்பதையும் குறிக்கும். பல கூறுகளை ஒன்றுக்கொன்று இசையச் சேர்த்து உருக்கொடுத்தல் என்பது கருத்து. 'கட்டமைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். வீதிக்கும் பாலத்துக்கும் 'உட்கட்டமைப்பு' என வழங்கும் நாட்டில் அது மயக்கம் தரும். 'தகவமைப்பு' தமிழ்நாட்டு உயிரியல் நூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. 'உள்ளமைவு' என்பதையே நான் கொள்வேன்: ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒன்றின் உள்ளே செய்யப்படும் அமைவு என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இரணைமடுக் குளத்துக்கு அணை கட்டியது ஒரு வேலை. எந்தத் துருசை (மதகை) எவ்வளவு திறப்பது என்பது போகந்தோறும் வரும் வேறு வேலை.

இணையவழிப் பிரயோகங்களை ஓட்டும் அப்பாச்சி டொம்கட் என்ற மென்பொருளில், பிரயோகம் முழுவதையும் பொதியாகக் கொண்ட 'வார்' கோப்பை உரிய கோப்புறையில் இட்டால், வழக்கமான அமைவில் அது தானாக விரிந்து, 8080 ஆம் துறையில் (சேர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாயிலில், 'போர்ட்') பதிலளிக்கத் தொடங்கும். நிறுவல் அவ்வளவுதான். ஆனால் ஒரு கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு அதில் ஓட வேண்டுமானால் பார்க்க வேண்டியவை அதற்குப் பிறகே வருகின்றன. தரவுத்தளத்தின் எழுத்துக் குறிமுறை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இலத்தீன் எழுத்துக்கு மட்டும் உரியதாக விடப்பட்டால், 'கந்தையா' என்ற அங்கத்தவரின் பெயர் ஏழு கேள்விக்குறிகளாகப் பதியக்கூடும். நாம் நான்கு எழுத்தாக எண்ணும் அப்பெயரில் புள்ளியும் ஐகாரக் குறியும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஏழு. அப்படிப் பதிந்த பின் குறிமுறையை, தமிழையும் ஏற்கும் யூ.டி.எப்.-8 ஆக மாற்றினாலும் பழைய பெயர் திரும்பாது. நேர வலயமும் இப்படித்தான். சேர்வர் உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டு, மென்பொருளும் அதையே எடுத்துக்கொண்டால், விடியற்காலை 5 மணிக்கு அளந்தெடுத்த பால் முதல் நாள் இரவு 11.30 எனக் கணக்கில் ஏறும்; இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது அல்லவா? இவை எதுவும் நிறுவலில் நேர்ந்த தவறு அல்ல. மறுபடி நிறுவினாலும், அதே உள்ளமைவு இருக்கும்வரை தீராது.

சேர்வருக்குப் பாடநூல்கள் 'சேவையகம்' என்கின்றன, 'வழங்கி' சுருக்கமானது. எதை எடுத்தாலும் ஓர் ஆவணத்தில் ஒன்றையே எழுதுவது போதும்.

வேலையை ஒப்படைக்கும் பத்திரத்திலும் இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். நிறுவல் என்பதன் கீழ் மென்பொருளின் பதிப்பு எண்ணும் ஏற்றிய நாளும் வரும். உள்ளமைவு என்பதன் கீழ் துறை எண், குறிமுறை, நேர வலயம், தரவுத்தள முகவரி ஆகியவையும், கடைசியாக மாற்றியவர் பெயரும் வரும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதக் கூடாது.