ஆகாயத்தாமரையில் எரிவாயு: கலனில் இடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பினாங்கிலும் செபராங் பிறையிலும் மாட்டுக்கொட்டகை வைத்திருப்போர், ஆலய நிர்வாகத்தினர், குடியிருப்புச் சங்கத்தினர் எனச் சாண எரிவாயுக் கலன் அமைப்பது குறித்து ஆலோசனை கேட்க வருபவர்களில் பலர், பக்கத்துக் குட்டையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, அதையும் கலனில் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அள்ளியதை அப்படியே போட்டால் கலன் சில வாரங்களிலேயே மக்கர் செய்யத் தொடங்கிவிடும்.

இந்தச் செடியின் காம்பு உப்பியிருப்பதற்குக் காரணம், அதனுள்ளே காற்று நிரம்பிய பஞ்சு போன்ற திசு இருப்பதுதான். குட்டையில் செடியை மிதக்க வைக்கும் அதே காற்று கலனுக்குள்ளும் அதை மிதக்க வைக்கிறது. மேலே திரண்டு நிற்கும் செடி நாளடைவில் தடித்த ஏடாக இறுகி, நுண்ணுயிரிகள் வாழும் கரைசலைத் தொடாமலே கிடப்பதோடு, வாயு வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. அடுத்த தடை செடியின் செல்சுவர். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் நுண்ணுயிரிகளுக்கு உணவு. அவற்றைப் பிணைத்து நிற்கும் லிக்னின் உணவாவதில்லை. எனினும் மரத்தோடு ஒப்பிட்டால் ஆகாயத்தாமரையில் லிக்னின் குறைவு. ஆகவே மரத்தூளுக்கும் வைக்கோலுக்கும் பரிந்துரைக்கப்படும் கடுமையான முறைகளை இதற்குக் கொண்டுவருவது, என் கணிப்பில், தேவையற்ற செலவு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. குட்டையிலிருந்து அள்ளிய 1 டன் ஆகாயத்தாமரையில் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். எஞ்சும் உலர்பொருளை 60 கிலோ என்றும், அதில் மட்கக்கூடிய கரிமப் பகுதியை 48 கிலோ என்றும், அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.2 கன மீட்டர் மீத்தேன் (சாண எரிவாயுவில் எரியும் பகுதி) என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டால், மொத்தம் ஏறக்குறைய 10 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதன் ஆற்றல் சுமார் 360 மெகாஜூல். நம் வீடுகளில் பயன்படுத்தும் 14 கிலோ எரிவாயுத் தோம்பில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஒரு டன் செடியை அள்ளி, ஏற்றி, இறக்கி, வெட்டிய உழைப்புக்கு வருவது அவ்வளவுதான். இதனால்தான், எரிவாயுவுக்காகவே இந்தச் செடியை வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டவே வேண்டாம் என்கிறேன். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய மான்சோனியா கொசுவின் புழுக்கள் இத்தகைய நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்துத்தான் மூச்சுவிடுகின்றன என்பது மற்றொரு காரணம்.

செல்சுவரைத் தளர்த்துவதற்காகச் செடியை வேகவைக்கும் முறையையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடலாம். அந்த 1 டன் ஈரச்செடியை 28 பாகை செல்சியஸிலிருந்து 95 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 280 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பில் வீணாவதையும் சேர்த்தால் கிடைக்கப்போகும் வாயு முழுவதும் வேகவைப்பதற்கே போய்விடும். செம்பனை ஆலைபோல உபரி நீராவி கைவசம் உள்ள இடமானால் பேச்சு வேறு. கொட்டகைக்காரருக்கு இது கட்டுப்படியாகாது.

சிறிய கலனுக்கு நான் முதலில் சொல்வது வெட்டுவதைத்தான். வேரை நீக்கி, மண் போகக் கழுவி, மாட்டுக்கு நேப்பியர் புல் நறுக்கும் அதே இயந்திரத்தில் 1 அல்லது 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, முடிந்தால் நசுக்கியும் விட்டால், காம்பிலுள்ள காற்று வெளியேறி மிதப்பது பெருமளவு குறையும். வெட்டுவதற்கு முன் ஒரு நாள் வாடவிட்டால் கையாளுவது எளிது. மழை விடாத அக்டோபரில் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நசுக்கும்போது வடியும் சாற்றைச் சாக்கடையில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எளிதில் வாயுவாக மாறக்கூடிய பகுதியே அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. அதையும் கலனில் ஊற்ற வேண்டும்.

காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு போன்ற காரத்தில் ஊறவைக்கும் முறை பலன் தரக்கூடியதே. லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலான பிணைப்பைக் காரம் தளர்த்துகிறது. ஆபத்து அளவில் இருக்கிறது. இணையத்தில் "5 விழுக்காடு காஸ்டிக் சோடா" என்று படித்துவிட்டு வருபவர்களிடம், எதில் 5 விழுக்காடு என்று கேட்பேன். உலர்பொருளின் எடையில் என்றால் 1 டன் செடிக்கு 3 கிலோ போதும். ஈர எடையில் என்று எடுத்துக்கொண்டால் அது 50 கிலோ ஆகிவிடும். அதிலுள்ள 28 கிலோவுக்கும் மேற்பட்ட சோடியம் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளை முடக்கிவிடும். காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் பொசுக்கக்கூடியது. அதைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, அதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் இல்லாதவர்களுக்கு நீற்றிய சுண்ணாம்பையே பரிந்துரைக்கிறேன், கையுறையும் கண்ணாடியும் அதற்கும் தேவை என்றாலும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். மூடிய பீப்பாயில் சில நாள் ஊற வேண்டும். கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கூடும் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

குட்டையைத் துப்புரவு செய்யும் நாளில் செடி மலையாகக் குவியும். மற்ற நாள்களில் ஒன்றும் வராது. குவிந்ததை நறுக்கி, வாடவிட்டு, சிறிது வெல்லப்பாகு கலந்து, காற்றுப் புகாத பீப்பாயில் அழுத்தி அடைத்தால் ஊறுதீவனம்போல் புளித்துக் கெடாமல் இருக்கும். புளித்த சரக்கு அமிலத்தன்மை கொண்டது என்பதால் கலனில் கொஞ்சம் கொஞ்சமாகவே சேர்க்க வேண்டும். புதிய கலனை முதல் சில வாரங்கள் சாணத்தால் மட்டுமே ஓட்டி, பிறகு தாவரத்தைப் படிப்படியாகக் கூட்டி, எடையில் சரிபாதிக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

செடி எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை ஆகாயத்தாமரை உறிஞ்சி, பெரும்பாலும் வேரில் தேக்கிவைக்கிறது. வேரை நீக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த முன்பதப்படுத்தலும், எந்த நுண்ணுயிரியும் உலோகத்தை அழிப்பதில்லை. கலனுக்குள் போன உலோகம் கழிவுக் கரைசலில்தான் வந்து சேரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலிருந்தோ, தொழிற்பேட்டைக் கால்வாய்களிலிருந்தோ எடுத்த செடியானால், வேர் நீக்கியிருந்தாலும், கரைசலை ஆய்வகத்தில் சோதித்து முடிவு கைக்கு வரும்வரை கீரைப் பாத்திக்கோ மாட்டுப் புல்லுக்கோ அதை ஊற்ற வேண்டாம்.