கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. டெக்சாஸில், செம்மறியும் வெள்ளாடும் நிறைந்த சான் ஏஞ்சலோ பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஆடுகள் குட்டி போடும் காலம் அது. விடிவதற்குள் யாராவது கூப்பிட்டு, கயோட்டி குட்டியை அடித்துவிட்டது என்பார்கள். துப்பாக்கி ஏற்கெனவே வண்டியில் ஏறியிருக்கும்.

கயோட்டி நம் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ஓநாயைவிடச் சிறிது, இந்தப் பக்கத்தில் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும்.

போனதும் செத்த குட்டியின் கழுத்துத் தோலைத் தாடையிலிருந்து உரிப்பேன். கயோட்டி உயிரோடு பிடித்திருந்தால் குரல்வளையை ஒட்டிப் பல் பட்ட துளைகள் இருக்கும். தோலின் உட்புறம் நாவல்பழத்தை நசுக்கியது போல ரத்தம் கட்டியிருக்கும். உயிர் இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். உள்ளே வெளுத்துக் கிடந்தால் குட்டி முன்பே செத்துவிட்டது, கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கிறது. அப்புறம் குளம்பைப் பார்ப்பேன். அடியில் மெத்தென்ற சவ்வு தேயாமல் இருந்தால் அந்தக் குட்டி எழுந்து நடக்கவே இல்லை. தொடை, காது, விலா என்று கண்ட இடமெல்லாம் பிய்ந்து ஐந்தாறு ஆடுகள் கிடக்கின்றன, தின்றதோ கொஞ்சம் என்றால் பெரும்பாலும் நாய். அது பக்கத்துப் பண்ணைக்காரரின் செல்ல நாயாகவும் இருக்கலாம். இதைச் சொன்னதும் முகங்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

வேலைக்கு வந்த முதல் வருடம் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். பாதி தின்ற குட்டியைப் பார்த்ததும், தோலை உரிக்காமலே கயோட்டி என்று எழுதிக் கொடுத்தேன். பண்ணைக்காரர் பொறி வைத்தார், இரவெல்லாம் காவல் இருந்தார். குட்டிகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. கடைசியில் பார்த்தால் கருச்சிதைவு நோய். செத்துப் பிறந்ததைத்தான் கயோட்டி இழுத்துப்போயிருக்கிறது.

சரி, நிஜமாகவே கயோட்டிதான் என்றால்? கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவது வீண் வேலை என்பேன். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தாறு குட்டி ஈனும். அவற்றுக்கு இரை தேடும் ஜோடிதான் அதிகமாக ஆட்டுக்குட்டியில் கை வைக்கிறது. யூட்டாவில் சில ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து பார்த்தார்கள். அவை ஆட்டுக்குட்டிகளை அடிப்பது வெகுவாகக் குறைந்தது. ஆட்டைத் தொடாத ஜோடி ஒன்று உங்கள் நிலத்தில் இருந்தால், வெளிக் கயோட்டிகளை அதுவே உள்ளே விடாது. அதைச் சுட்டால் அந்த இடத்துக்கு எது வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அரசாங்கமே வருடத்துக்கு அறுபதாயிரம் அளவில் கொல்கிறது. அப்படியும் ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் கயோட்டி இருக்கிறது.

காட்டு விலங்குகள் பக்கம் கணக்கு வேறு. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு கயோட்டிகள் குறைந்தன. அந்த வட்டாரத்தில் ஓநாய்கள் நடமாடும் இடங்களில் பிராங்ஹார்ன் மான்குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. சான் டியேகோவின் பள்ளத்தாக்குகளிலோ, கயோட்டி இல்லாத இடத்தில் பூனைகள் பெருகிப் பறவைகள் குறைந்தன.

என்னிடம் கேட்டால் முதல் செலவு காவல் நாய்க்குத்தான். கிரேட் பிரனீஸ் குட்டியை எட்டு வாரத்திலேயே ஆடுகளோடு விட்டு வளர்க்க வேண்டும். வீட்டுக்குள் கொஞ்சினால் அது சோபா நாயாகிவிடும். கழுதையும் நல்ல காவல்தான். ஆனால் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வைத்தால் அவை ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், ஆட்டை யார் கவனிப்பது? செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வேலியோரம் வீசாமல் அன்றன்றே ஆழமாகப் புதையுங்கள். கயோட்டிக்கு ஆட்டு ருசியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த வேலியோரக் குவியல்தான்.

தோலை நீங்களே உரித்துப் பார்ப்பதென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 1988இல் மெக்சிகோ எல்லையோரக் கயோட்டிகளிடம் வெறிநோய் பரவியது. 1995 முதல் தடுப்பு மருந்து வைத்த இரையை விமானத்திலிருந்து தூவித்தான் அதை அடக்கினார்கள். நாற்ற நீரைப் பீச்சும் ஸ்கங்க் என்ற சிறு விலங்குகளிடம் வெறிநோய் இன்னும் இருக்கிறது. செத்த குட்டியை ராத்திரியில் முதலில் மோப்பம் பிடித்து வந்தது எது என்று பல் தடத்தை மட்டும் வைத்து என்னாலும் சொல்ல முடியாது.