தகவமைப்புக் கதிர்வீச்சா, தகவமைப்புக் கிளைப்பா?

ஒரே மூதாதையிலிருந்து வெவ்வேறு சூழலுக்கு ஏற்ற பல இனங்கள் பிரிந்து வருவதை, தீவுச் செடிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் "தகவமைப்புக் கதிர்வீச்சு" என்கிறார்கள். கதிர்வீச்சு என்றதும் நமக்குக் கூடங்குளமும் எக்ஸ்ரே அறையும்தான் நினைவுக்கு வரும். ஏதோ கதிர் பட்டுச் செடி மாறிவிட்டது என்று படிப்பவர் நினைத்தால் அது அவர் தப்பு இல்லை.

இதன் ஆங்கிலப் பெயர் 'அடாப்டிவ் ரேடியேஷன்'. அந்தக் கருத்தை 1902இல் ஒரு விதியாக எழுதியவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆஸ்பர்ன். ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கதிர், சக்கரத்தின் ஆரக்கால் என இரண்டு பொருளும் உண்டு. இங்கே பொருந்துவது, ஒரே நடுவிலிருந்து பல பக்கம் பிரியும் ஆரக்கால்.

சரி, கதிர்வீச்சை விட்டவர்கள் "தகவமைப்புப் பரவல்" என்கிறார்கள். இதுதான் எனக்குக் கூடுதல் கவலை. பரவல் என்பது வேறொரு நிகழ்வின் பெயர். ஹவாயின் வெள்ளிவாள் செடியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்துத் தார்வீட் செடிகளில் இரண்டு மரபுவழிகள் கலந்து பிறந்த கலப்பினமே அதன் மூதாதை. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த மரபுவழி கடல் தாண்டித் தீவுக்கு வந்தது. அது பரவல். வந்த பிறகு நடந்ததுதான் நாம் பெயர் தேடும் விஷயம்.

மவுயித் தீவின் ஹலேயகலா எரிமலைச் சரளையில் வெள்ளி மயிர் போர்த்திய வாள் இலைகள் பந்துபோல் குவிந்திருக்கும். செடி பல ஆண்டுகள் அப்படியே இருந்து, ஒரே ஒருமுறை ஆளுயரத்துக்குப் பூத்து மடியும். கவாயித் தீவின் காட்டில் இதன் உறவு ஒன்று மரமேறும் கொடி. ஓயாத மழை பெய்யும் வையலேயலே மலை உச்சியில் இன்னொன்று தரையோடு மெத்தையாகக் கிடக்கிறது. இப்படிச் சுமார் 30 இனங்கள். பார்த்தீனியமும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான். நம் நாடு முழுக்கப் பரவியும் அது பார்த்தீனியமாகவே இருக்கிறது. பரவுவது வேறு, பிரிந்து பலவாவது வேறு.

அதனால் "தகவமைப்புக் கிளைப்பு" என்பதே என் தேர்வு. கிளை என்றால் மரக்கிளை, பழந்தமிழில் சுற்றமும்கூட. இந்தச் சுற்றம் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) கடந்து இன்றும் தங்களுக்குள் கலந்து விதை கொடுக்கிறது, அதையும் இந்தச் சொல் தாங்கும்.

அப்புறம், இந்தக் கலப்பினத்தை "ஒட்டுச்செடி" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டு என்பது மாமரத்தில் கத்தி வைத்துச் செய்வது. அங்கே இரண்டு செடிகளின் திசு இணைகிறது, மரபணு கலப்பதில்லை. மகரந்தம் சேர்ந்து பிறந்ததை ஒட்டு என்றால் முழுக்கதையும் தப்பாகிவிடும்.